கார் இல்லாமல் ரைனும் மோசலும்

நாங்கள் ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையிலுள்ள மைன்ஸ் நகரத்துக்குக் குடிவந்தது 2022 தொடக்கத்தில். ஆறு மாதம் ஆனதும் எங்கள் இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே செல்லாமல் போனது. ஜெர்மனியில் வசிக்க வருகிறவர்களுக்கு அதுதான் விதி. மறுபடி எழுத்துத் தேர்வு, ஓட்டிக் காட்டும் தேர்வு இரண்டையும் முடித்துப் புது உரிமம் வாங்க வேண்டும். என் கணவருக்கும் எனக்கும் அப்போது அதற்கு நேரமே இல்லை. "சரி, கொஞ்ச நாள் ரயிலிலேயே சுற்றுவோம்" என்று ஆரம்பித்தோம். இப்போது உரிமம் எடுக்கலாமா என்ற பேச்சே வீட்டில் வருவதில்லை. ரைன் பள்ளத்தாக்கில் கார் ஓர் இடைஞ்சல் என்று தெரிந்துபோனதுதான் காரணம்.

பிங்கனிலிருந்து கோப்ளென்ஸ் வரை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் மலை, மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம், உச்சியில் கோட்டை, நடுவில் ஆறு. 2002-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இந்த நீளம் முழுக்க ஆற்றின் மேல் ஒரு பாலம்கூட இல்லை. மைன்ஸ், வீஸ்பாடன் பக்கம் பாலம் இருக்கிறது, அடுத்த பாலம் கோப்ளென்ஸில்தான். பிங்கனுக்கும் ரூடெஸ்ஹைமுக்கும் அருகே முன்பு ஒரு ரயில் பாலம் இருந்தது. 1945-இல், போர் முடியும் நேரத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படையே அதைத் தகர்த்துவிட்டது. அதன் மிச்சங்களை இன்றும் பார்க்கலாம். ஆகவே காரில் வருகிறவர்கள் ஏதாவது ஒரு கரையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். எதிர்க்கரையில் ஒரு கோட்டை கண்ணில் பட்டால் படகுத்துறையைத் தேடிப் போய் வரிசையில் நிற்க வேண்டும், அப்புறம் கார் நிறுத்த இடம் தேட வேண்டும்.

ரயிலில் வருகிறவர்களுக்கு இரண்டு கரையிலும் தண்டவாளம் இருக்கிறது. நடுவில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு குறுக்கே போய்வரும் ஃபேரிகள் பிங்கன், நீடர்ஹைம்பாக், காவுப், சாங்க்ட் கோவார், போப்பார்ட் என்று ஐந்தாறு இடத்தில் இருக்கின்றன. ஆற்றின் நீளவாக்கில் பயணிகள் கப்பல் போகிறது. இந்த மூன்றையும் சேர்த்து ஒரே போக்குவரத்தாக நினைக்கப் பழகிவிட்டால் பள்ளத்தாக்கு முழுக்க நம் கைக்குள் வந்துவிடும். எனக்கு அது பழக ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தில் செய்த தவறுகளைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

2023 கோடையில் அம்மா குளித்தலையிலிருந்து வந்திருந்தார். அறுபத்து நாலு வயது, முழங்கால் வலி. நடக்க வைக்காமல் நிறையக் காட்ட வேண்டும் என்று நினைத்து, காலை ஒன்பது மணிக்கு கோப்ளென்ஸில் கப்பல் ஏறி ரூடெஸ்ஹைம் வரை முழுத் தூரமும் கப்பலிலேயே போகத் திட்டம் போட்டேன். அன்று வந்தது 'கோத்தே' என்ற பக்கச்சக்கரக் கப்பல். 1913-இல் கட்டியது. 2009-இல் நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு டீசலுக்கு மாற்றினார்கள், ஆனால் பக்கவாட்டில் அந்தப் பெரிய சக்கரம் இன்றும் தண்ணீரை அடித்துக்கொண்டுதான் போகிறது. அம்மாவுக்கு முதல் ஒரு மணி நேரம் கண் இமைக்கவே மனம் வரவில்லை. கண்டெய்னர் ஏற்றிய கப்பல், எண்ணெய்க் கப்பல், புத்தம்புதுக் கார்களை வரிசையாக அடுக்கிய கப்பல் என்று ஒன்றன் பின் ஒன்றாக எதிரே வந்தன.

"ஏம்மா, ஆத்துல இவ்வளவு பெரிய கப்பலா? இது நம்மூர் ஆறு அகலம்கூட இல்லையே."

உண்மைதான். காவிரி குளித்தலையில் பரந்து கிடக்கும், மணலும் திட்டுமாக. ரைன் அதைவிட ஒடுங்கியது, ஆனால் ஆழம். அம்மா சின்ன வயதில் முசிறிக்குப் பரிசலில் போனதைப் பற்றி அன்று நிறையப் பேசினார்.

மூன்றாவது மணி நேரத்தில் பேச்சு நின்றது. வெயில் மேல்தளத்தில் நேராக அடித்தது. ஒவ்வொரு கோட்டையும் முன் பார்த்த கோட்டை மாதிரியே தெரிந்தது. லோரலைப் பாறை வந்தபோது அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. கோப்ளென்ஸிலிருந்து ரூடெஸ்ஹைம் போவது நீரோட்டத்துக்கு எதிர்ப் பயணம், ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடிக்கும். அதே தூரம் நீரோட்டத்தோடு திரும்பி வந்தால் நாலு மணி நேரம்தான். கால அட்டவணையில் இரண்டு எண்ணும் அருகருகே இருந்தன, நான்தான் கவனிக்கவில்லை. இங்குள்ளவர்கள் மேல்நோக்கிப் போவதை 'பெர்க்வேர்ட்ஸ்' என்பார்கள், அதாவது மலைப்பக்கம். கீழே இறங்குவது 'டால்வேர்ட்ஸ்', பள்ளத்துப் பக்கம். கப்பல் அட்டவணை பார்க்கும்போது இந்த இரண்டு சொல்லும் தெரிந்திருப்பது நல்லது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி கூட்டிப்போனேன். இந்த முறை சாங்க்ட் கோவாரிலிருந்து பாஹராஹ் வரை மட்டும் கப்பல், மற்றதெல்லாம் ரயில். எத்தனையோ தடவை போய்வந்த பிறகும் யார் கேட்டாலும் நான் சொல்வது இந்தத் துண்டைத்தான். 13 கிலோமீட்டர்தான். மேல்நோக்கிப் போனால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், கீழ்நோக்கி வந்தால் முக்கால் மணி நேரம். நேரம் இருக்கிறவர்கள் மேல்நோக்கியே போகலாம். கப்பல் தண்ணீரோடு மல்லுக்கட்டி மெதுவாகப் போகும்போதுதான் கரையில் இருப்பதெல்லாம் தெரியும்.

மைன்ஸிலிருந்து கோப்ளென்ஸ் பக்கம் போகும் இடக்கரை (ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் இடப்பக்கக் கரை) ரயிலில் வலப்பக்க ஜன்னலில் உட்கார வேண்டும். பிங்கன் தாண்டியதும் ஆறு ஜன்னலை ஒட்டி வந்துவிடும், அப்புறம் விலகவே விலகாது. சாங்க்ட் கோவாரில் இறங்கி, கால் தெம்பு இருக்கிறவர்கள் ரைன்ஃபெல்ஸ் கோட்டைக்கு ஏறலாம். 1245-இல் தொடங்கிய கோட்டை, 1797-இல் பிரெஞ்சுப் படை வெடிவைத்த பிறகு இடிபாடாகக் கிடக்கிறது. அம்மாவும் நானும் ஏறவில்லை, படகுத்துறைப் பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம்.

கப்பல் கிளம்பிய சில நிமிடங்களிலேயே இடது கைப்பக்கம் லோரலை. தண்ணீரிலிருந்து 132 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் பாறை. மேலே உட்கார்ந்து தலை வாரும் பெண்ணின் பாட்டில் மயங்கிப் படகோட்டிகள் பாறையில் மோதுவார்கள் என்பது கதை. ஹைன்ரிஹ் ஹைனே 1824-இல் எழுதிய கவிதைக்கு ஃப்ரீட்ரிஹ் ஸில்ஹர் 1837-இல் மெட்டுப் போட்டார். பாறை அருகே வந்ததும் கப்பலில் அந்த மெட்டை ஒலிபரப்பினார்கள். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வயதான ஜெர்மன் பெண்கள் நாலு பேர் சன்னமாகக் கூடவே பாடினார்கள். அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. "சோகப் பாட்டா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "தாலாட்டு மாதிரி இருக்கு" என்றார்.

கதை ஒரு பக்கம் இருக்க, அந்த இடம் இன்றும் ஆபத்தானதுதான். ஆறு ஒடுங்கி வளைகிறது, எதிரே வருகிற கப்பல் கண்ணுக்குத் தெரியாது. 2011 ஜனவரியில் கந்தக அமிலம் ஏற்றிவந்த ஒரு கப்பல் லோரலை அருகே கவிழ்ந்து இரண்டு பேர் இறந்தார்கள். சாங்க்ட் கோவாருக்கும் ஓபர்வேசலுக்கும் நடுவே கரையில் பெரிய விளக்குப் பலகைகள் இருக்கின்றன. முக்கோணம் மாதிரி வெள்ளைக் கோடுகள் எரிந்து அணையும். வளைவுக்கு அந்தப் பக்கம் கீழ்நோக்கி எந்த அளவுக் கப்பல் வருகிறது என்று மேலேறும் கப்பலுக்குச் சொல்லும் சமிக்ஞை அது. கீழ்நோக்கி வருகிற கப்பல் நினைத்த இடத்தில் நிற்க முடியாது, அதனால் மேலே ஏறுகிற கப்பல்தான் ஒதுங்கிக் காத்திருக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குக் கோட்டைகளைவிட இந்த விளக்குகள் மேல்தான் கண் போகிறது. கரையில் வெள்ளைப் பலகையில் கறுப்பு எண்களையும் பார்க்கலாம். கொன்ஸ்டான்ஸ் நகரப் பாலத்தில் பூஜ்யம் என்று வைத்து எண்ணும் கிலோமீட்டர் கணக்கு. லோரலை 554, காவுப் 546. குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த எண்களைத் தேடச் சொல்லலாம், கப்பலில் சலிப்பே தட்டாது.

காவுப் எதிரே ஆற்றின் நடுவில், ஒரு கல்திட்டின் மேல், வெள்ளைக் கப்பல் நங்கூரம் போட்ட மாதிரி நிற்கிறது ஃபல்ஸ்க்ராஃபென்ஷ்டைன். சுங்கம் வசூலிக்கக் கட்டிய கோட்டை. அதற்கடுத்து பாஹராஹ் வந்துவிடும். இறங்கி, மரச்சட்டம் போட்ட வீடுகளுக்கு நடுவே காபி குடித்துவிட்டு ரயில் ஏறினால் மைன்ஸ் பக்கம்தான். அம்மா அன்று தூங்கவில்லை.

கரையை மாற்றி ஏறிய கதை ஒன்று இருக்கிறது. கோப்ளென்ஸிலிருந்து சாங்க்ட் கோவார் போக வேண்டும். நடைமேடையில் ரயில் நின்றது, பலகையில் ஊர்ப் பெயர்களை ஓட்டமாகப் பார்த்தேன், 'சாங்க்ட் கோவார்...' என்று ஆரம்பித்ததும் ஏறிவிட்டோம். முழுப்பெயர் சாங்க்ட் கோவார்ஸ்ஹவுசென். அது நேர் எதிர்க்கரை. ரயில் ஆற்றைத் தாண்டி வலக்கரைக்குப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. நல்ல வேளையாக அந்த இரண்டு ஊருக்கும் நடுவேதான் ஃபேரி ஓடுகிறது. சில நிமிடப் பயணம், சில்லறைக் காசு, பிரச்சினை தீர்ந்தது. ஆனால் இரவில் இப்படி நடந்தால் சிக்கல், ஃபேரி எப்போதும் ஓடாது. அன்றிலிருந்து நான் பார்ப்பது பலகையில் பின்னால் வரும் ஊர்களை. பலகையில் வீஸ்பாடன், ரூடெஸ்ஹைம் என்று இருந்தால் வலக்கரை. மைன்ஸ், பிங்கன் என்று இருந்தால் இடக்கரை. அடிக்கடி நிற்கும் ரயிலுக்கு இடக்கரையில் ஆர்.பி. 26, வலக்கரையில் ஆர்.பி. 10 என்று எண். மனப்பாடம் செய்ய இது போதும்.

வலக்கரையில் ஒரு நல்ல காரணத்துக்காக இறங்க வேண்டிய ஊர் ப்ரௌபாக். அங்கே மலைமேல் மார்க்ஸ்பர்க். இந்தப் பள்ளத்தாக்கின் மலைக்கோட்டைகளில் ஒருபோதும் இடிக்கப்படாதது அது ஒன்றுதான். மற்றவை பலவும் இடிந்து, பின்னால் 19-ஆம் நூற்றாண்டில் ஆசைப்பட்டுக் கட்டியவை. ஒரே ஒரு கோட்டைக்குள் போகத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்குள் போங்கள். சமையலறையும் குதிரைலாயமும் பழைய நிலையிலேயே இருக்கின்றன. வாசலில் வெறும் பாறையில் செதுக்கிய ஏற்றம், மழையில் வழுக்கும்.

ஆனால் வலக்கரையில் ராத்தங்கல் போடுமுன் யோசிக்க வேண்டும். ஐரோப்பாவின் சரக்கு ரயில்கள் பெரும் எண்ணிக்கையில் இந்தக் கரை வழியாகத்தான் போகின்றன. காவுப்பில் ஆற்றைப் பார்த்த அறை கிடைத்ததே என்று சந்தோஷமாக எடுத்தோம். ஆற்றுக்கும் அறைக்கும் நடுவே தண்டவாளம். ஜன்னலைத் திறந்தால் ஆற்றுக் காற்றோடு சரக்கு ரயிலும் உள்ளே வந்தது. இரவு முழுக்க சில நிமிடத்துக்கு ஒன்று. இப்போது சத்தம் குறைந்த பிரேக் உள்ள பெட்டிகளைத்தான் ஓட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, முன்பைவிட எவ்வளவோ தேவலை என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்த 'தேவலை'யே போதுமான அளவு இருந்தது. தங்க வேண்டுமானால் கோப்ளென்ஸிலோ, இடக்கரையில் தண்டவாளத்தை விட்டு உள்ளே தள்ளியோ தங்கலாம். இளைஞர்களாக இருந்தால் பாஹராஹ் மலைமேல் ஷ்டாலெக் கோட்டையே இளைஞர் விடுதியாக இருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், அவ்வளவுதான்.

டிக்கெட் விஷயம். ஜெர்மனியில் இருக்கிறவர்களுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் ஒன்று போதும். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025-இல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63. ஒரு மாதம் முழுக்க நாடு முழுவதும் உள்ளூர், வட்டார ரயில்களிலும் பஸ்களிலும் போகலாம். ஐ.சி.இ., ஐ.சி. ரயில்களில் ஏறக்கூடாது. ரைன் இடக்கரையில் அந்த வேக ரயில்களும் அதே தண்டவாளத்தில் ஓடுவதால், அவசரத்தில் ஏறி மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. இது மாதச் சந்தா, தானாகப் புதுப்பித்துக்கொண்டே போகும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அவர்களுக்கும் எடுக்கலாம். ஆனால் நிறுத்த வேண்டிய மாதத்தில் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய மறக்கக்கூடாது. நான் அம்மாவுக்கு எடுத்ததை மறந்து, அவர் குளித்தலைக்குத் திரும்பிய பிறகும் ஒரு மாதம் கட்டினேன். ஒரே ஒரு நாள் என்றால் ரைன்லாண்ட்-ஃபல்ஸ் மாநில டிக்கெட் நல்லது. ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் போகலாம், ஆள் கூடக்கூடத் தலைக்கு ஆகும் செலவு இறங்கும். வார நாட்களில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் செல்லும். கப்பலுக்கு இது எதுவும் செல்லாது, தனியாக வாங்க வேண்டும். ஃபேரியில் கையில் சில்லறை நோட்டு இருப்பது நல்லது, அட்டை எங்கும் வாங்குவார்கள் என்று நம்பிப் போகக்கூடாது.

முழங்கால் வலிக்காரர்களைக் கூட்டிப்போகிறவர்கள் முதல்நாள் இரவே இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, இறங்கும் நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறதா. சின்ன நிலையங்களில் பல இடத்தில் சுரங்கப் படிக்கட்டுதான். கழிப்பறையும் இருக்காது. ரயிலிலும் கப்பலிலும் இருக்கும், அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. இரண்டாவது, தண்டவாள வேலை. அட்டவணையில் 'எஸ்.இ.வி.' என்ற மூன்றெழுத்து தெரிந்தால் அந்தத் துண்டில் ரயிலுக்குப் பதில் பஸ் என்று பொருள். அந்த பஸ் நிலைய வாசலில் நிற்கும் என்று சொல்ல முடியாது, ஊரின் வேறு மூலையில்கூட நிற்கலாம். ஒரு ஞாயிறு மாலை அதைத் தேடி அம்மாவோடு அரை மணி நேரம் அலைந்தோம். கடைசியில் ஃபேரி பிடித்து எதிர்க்கரைக்குப் போய் அங்கிருந்து ரயிலில் வீடு வந்தோம். ஒரு கரை அடைபட்டால் மறு கரை இருக்கிறது என்ற ஞானம் அன்றைக்குத்தான் வந்தது.

மோசல் வேறு மாதிரி. ரைன் நேராகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிற ஆறு. மோசல் வளைந்து வளைந்து, வந்த பக்கமே திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும். கோப்ளென்ஸில் ரைனோடு சேர்கிறது. அங்கிருந்து ட்ரியர் வரை ரயில் போகிறது. கோப்ளென்ஸில் ஏறினால் இந்த முறை இடப்பக்க ஜன்னல்.

இங்கே ரயிலை நம்பி மட்டும் போனால் பாதி மோசல் தவறிப்போகும். கோஹெம் நகரம் தாண்டியதும் ரயில் ஒரு சுரங்கத்தில் நுழைகிறது. 4.2 கிலோமீட்டர் நீளம், 1879-இல் திறந்தது, ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஜெர்மனியின் மிக நீளமான ரயில் சுரங்கமாக இருந்தது. உள்ளே சில நிமிட இருட்டு, வெளியே வந்ததும் மறுபடி ஆறு. அந்தச் சில நிமிடத்தில் ரயில் வெட்டித் தள்ளிவிட்ட ஆற்று வளைவு இருபது கிலோமீட்டருக்கு மேல். அந்த வளைவுக்குள்தான் பைல்ஷ்டைன் மாதிரி ஊர்கள் இருக்கின்றன. ரயில் எட்டாததால்தான் அவை அப்படியே இருக்கின்றனவோ என்று எனக்குத் தோன்றும்.

கோஹெமில் இறங்கிக் கப்பலில் பைல்ஷ்டைன் போக வேண்டும். ஒரு மணி நேரப் பயணம். நடுவே ஃபாங்கெல் அணை வருகிறது. மோசலில் 1964 முதல் பெரிய கப்பல்கள் போக வசதியாக அணைகள் கட்டி ஆற்றைப் படிக்கட்டு மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் கப்பலை ஏற்றி இறக்க ஒரு நீர்ப்பூட்டு. கப்பல் அந்த கான்கிரீட் பெட்டிக்குள் நுழைந்ததும் பின்னால் கதவு மூடியது. இரண்டு பக்கமும் ஈரச் சுவர், கை நீட்டினால் தொடலாம் போல. சுவரில் பச்சைப் பாசி, அதில் ஒரு நத்தை. பணியாளர் கயிற்றைச் சுவரிலிருந்த இரும்புக் கொக்கியில் மாட்டினார். சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்த நத்தை எங்கள் கண்மட்டத்திலிருந்து இடுப்பு மட்டத்துக்கு வந்து, அப்புறம் தண்ணீருக்குள் போய்விட்டது. நாங்கள்தான் மேலே ஏறிக்கொண்டிருந்தோம். பணியாளர் கயிற்றை ஒவ்வொரு கொக்கியாக மேலே மாற்றிக்கொண்டே வந்தார். தலைக்கு மேல் இருந்த புல்தரை, மரம், சைக்கிளில் நின்று வேடிக்கை பார்த்த ஒரு சிறுவனின் செருப்பு என்று உலகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. முன் கதவு திறந்தது. அம்மா கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டு, "தண்ணிய வச்சே தூக்கிட்டாங்களே" என்றார். அந்தக் கோடையில் அவர் பார்த்ததிலெல்லாம் ஊரில் போய் அதிகம் சொன்னது இந்த நத்தையைப் பற்றித்தானாம்.

பைல்ஷ்டைனில் இருப்பது நாலு தெரு, ஒரு மடாலயத் தேவாலயம், மேலே ஓர் இடிந்த கோட்டை. சாயங்காலக் கடைசிக் கப்பல் சீக்கிரமே கிளம்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் எண்ணிச் சொல்லக்கூடிய அளவுதான். இறங்கியதுமே துறையில் ஒட்டியிருக்கும் திரும்பும் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சுவர்களில் வருடம் பொறித்த கோடுகளையும் பாருங்கள். மோசல் எந்த வெள்ளத்தில் எதுவரை வந்தது என்ற கணக்கு. 1993 டிசம்பர் வெள்ளத்தின் கோடு கோஹெமில் என் தலைக்கு மேலே இருந்தது.

சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் ரயில் காட்டும் காட்சியும் சாதாரணமில்லை. புல்லாயில் 1878-இல் கட்டிய ஈரடுக்குப் பாலம், கீழே சாலை, மேலே ரயில். அதைத் தாண்டி இன்னொரு சின்னச் சுரங்கம். வெளியே வந்ததும் புண்டெரிஹ் மேம்பாலம். மலைச்சரிவை ஒட்டி 92 வளைவுகளோடு 786 மீட்டர் நீளம். இடப்பக்கம் கீழே ஆறு ஒரு பெரிய வட்டம் போட்டுக் கிடக்கும். ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் தெரியும், போனைத் தயாராக வைத்துக்கொண்டால்தான் உண்டு. அப்புறம் ரயில் ஆற்றை விட்டு விலகி விட்லிஹ் வழியாகப் போய்விடுகிறது. பெர்ன்காஸ்டெல் போகிறவர்கள் விட்லிஹில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். முன்பு ட்ரியருக்கும் புல்லாய்க்கும் நடுவே ஆற்றை ஒட்டியே ஒரு சின்ன ரயில் ஓடியது. வழியெல்லாம் ஒயின் ஊர்கள் என்பதால் அதற்குக் 'குடிகார ரயில்' என்று செல்லப்பெயர். 1960-களில் மூடிவிட்டார்கள். இப்போது அந்தப் பக்கம் ஓடுவது புல்லாயிலிருந்து ட்ராபென்-ட்ரார்பாக் போகும் வேறொரு குட்டி ரயில்தான். அதில் போய்வாருங்கள், முழுக்கத் திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே போகும்.

ஒரு எச்சரிக்கை. கோப்ளென்ஸிலிருந்து ட்ரியர் போகும் விரைவு ரயில் உண்மையில் இரண்டு ரயில்கள் சேர்ந்தது. ட்ரியரில் பிரிந்து ஒன்று லக்ஸம்பர்க், மற்றது ஸார்ப்ரூக்கென் பக்கம் போகும். ட்ரியர் வரை எதில் உட்கார்ந்தாலும் சரி. அதைத் தாண்டிப் போகிறவர்கள் பெட்டியின் பக்கவாட்டுப் பலகையைப் படித்துவிட்டு ஏற வேண்டும். எங்கள் நண்பர் குடும்பம் இப்படித்தான் பிரிந்தது, கணவர் ஒரு நாட்டில், மனைவியும் பிள்ளைகளும் இன்னொரு நாட்டில்.

எல்ட்ஸ் கோட்டைக்கு அம்மா வரவில்லை. நானும் என் கணவரும் போனோம். மோசல்கெர்ன் நிலையத்தில் இறங்கி, எல்ஸ்பாக் ஓடையை ஒட்டிக் காட்டுப் பாதையில் ஐந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேர நடை. காடு முடிந்து திரும்பியதும் திடீரென்று கண் முன்னால் கோட்டை நிற்கும். எண்ணூறு வருடத்துக்கு மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. பழைய 500 மார்க் நோட்டில் அச்சிட்டிருந்தது இதைத்தான். கோடைகால வார இறுதிகளில் பஸ்ஸும் விடுகிறார்கள், ஆனால் முதல் தடவை போகிறவர்கள் நடந்தே போக வேண்டும் என்பது என் கட்சி.

சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தை. சைவக்காரர்களுக்கு எளிதில் கிடைப்பது ஃப்ளாம்குஹென், மெல்லிய ரொட்டி மேல் பாலாடையும் வெங்காயமும். ஆனால் கேட்காவிட்டால் பன்றிக்கொழுப்புத் துண்டு போட்டுத்தான் வரும். 'ஓனெ ஷ்பெக்' என்று அழுத்திச் சொல்ல வேண்டும். இலையுதிர் காலத்தில் புது ஒயினோடு தரும் வெங்காய அடையிலும் அதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே தயிரும் பழமும் வாங்கி வைத்துவிடுங்கள்.

கடைசியாகத் தண்ணீர். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் கப்பல்கள் முழுமையாக ஓடும். அந்தக் காலத்திலும் ஆறு அனுமதித்தால்தான். ரைன் ஆட்கள் கிளம்புமுன் பார்க்கும் எண் காவுப் நீர்மட்ட அளவு. இந்தப் பகுதியிலேயே ஆழம் குறைந்த இடம் அதுதான் என்பதால், காவுப் சரி என்றால் மற்ற இடமும் சரி. அந்த எண் ஆற்றின் ஆழம் என்று நானும் முதலில் நினைத்தேன், அப்படி இல்லை. அளவுகோல் ஏறத்தாழ 78 சென்டிமீட்டர் காட்டும்போது கப்பல் போகும் தடத்தில் 1.90 மீட்டர் ஆழம் இருக்கும். 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. ஆற்று நடுவில் நிற்கும் கோட்டைக்கு ஜனங்கள் நடந்தே போனார்கள். நாங்கள் வந்த வருடம், 2022 ஆகஸ்டில், 40-க்குக் கீழே போனது. சரக்குக் கப்பல்கள் பாதிச் சுமைகூட ஏற்ற முடியாமல் போனதை நாங்களே கரையில் நின்று பார்த்தோம். கப்பலின் சிவப்பு அடிவயிறு தண்ணீருக்கு வெளியே உயர்ந்து தெரிந்தது. வெள்ளம் ஏறினாலும் கப்பலை நிறுத்திவிடுவார்கள். அதனால் கப்பல் டிக்கெட்டை வாரக்கணக்கில் முன்கூட்டி எடுத்துவைக்காமல், முந்தின நாள் எண்ணைப் பார்த்துவிட்டுத் துறையிலேயே வாங்குவது என் வழக்கம்.

இதை அம்மாவுக்கு ஒருமுறை விளக்கினேன். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போதெல்லாம், சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு, "காவுப்ல தண்ணி எவ்வளவு?" என்று கேட்கிறார். போன வாரம் 172 என்றேன்.

"அப்ப கப்பல் போவும். கெளம்புங்க" என்றார்.